மாதம் 30 லிட்டர்: வீட்டு பீர் பற்றி வாசகர்கள் கேட்டவை

வீட்டிலேயே பீர் தயாரிப்பது பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: நம் ஊர் வெக்கை. அதனால் பதில்களிலும் அந்தப் பேச்சு அடிக்கடி தலைகாட்டும். அளவுகள் எல்லாம் 10 லிட்டருக்கு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறை அடுப்பு சிரமமில்லாமல் தாங்குவது அவ்வளவுதான்.

கேள்வி: நாங்கள் மூன்று குடும்பத்து நண்பர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு ஒருவர் வீட்டில் கூடி பீர் செய்ய ஆசை. சட்டம் இடம் கொடுக்கிறதா? சொந்தக்காரர்கள் கேட்டால் விற்கலாமா?
— அங் மோ கியோ வாசகர்

பதில்: இடம் கொடுக்கிறது. பீர், சைடர், பழ ஒயின் போன்ற நொதிக்கவைத்த பானங்களை உரிமம் இல்லாமல் வீட்டில் செய்துகொள்ளச் சிங்கப்பூர்ச் சுங்கத்துறை அனுமதிக்கிறது. செய்பவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும்; குடியிருக்கும் வீட்டிலேயே செய்ய வேண்டும்; ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. கணக்கு தலைக்கு அல்ல, வீட்டுக்கு. ஒரே சமையலறையில் மூன்று பேர் சேர்ந்தாலும் அந்த வீட்டுக்கு 30 லிட்டர்தான்.

விற்கக் கூடாது. போத்தலுக்கு இவ்வளவு என்று சொந்தக்காரரிடம் வாங்கினாலும் அது விற்பனைதான். ‘காய்ச்சுவது’ என்ற சொல் நம் காதில் சாராயத்தையும் சேர்த்தே கொண்டுவரும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறோம்: நொதித்ததை ஆவியாக்கி வடிப்பதற்கு வீட்டில் அனுமதி அறவே கிடையாது. இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடங்களில் மது அருந்தத் தடை இருக்கிறது. சுவைத்துப் பார்ப்பதை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். புளோக்கின் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

கேள்வி: இரண்டு தடவை செய்தோம். இரண்டு தடவையும் நகப்பூச்சு வாசனை. ஒரு கிளாஸ் குடித்தாலே தலை கனக்கிறது. பொட்டலத்தில் இருந்த ஈஸ்ட் நல்ல பெயர் பெற்ற அமெரிக்க ஏல் ஈஸ்ட். எங்கே தவறு?
— ஈசூன் வாசகர்

பதில்: ஈஸ்ட்டின் மேல் குற்றமில்லை, அதை வைத்த இடம்தான் தவறு. ஏல் என்பது மிதமான சூட்டில் நொதிக்கும் பீர் வகை; அதற்கான அந்த ஈஸ்ட் 18 முதல் 26 டிகிரிக்குள் வேலை செய்ய வேண்டியது. உங்கள் அறை 30 டிகிரி. நொதிக்கும்போது பார்லிச் சாறே சூட்டைக் கிளப்பும் என்பதால் வாளியின் உள்ளே வெளியைவிட 3, 4 டிகிரி கூடுதலாக இருக்கும். அதாவது அந்த ஈஸ்ட் 33, 34 டிகிரியில் வெந்துகொண்டிருந்தது. அந்தச் சூட்டில் எத்தில் அசிட்டேட் மிகுதியாக உண்டாகும். நகப்பூச்சு வாசனை அதனுடையது. கூடவே கனமான ஆல்கஹால்களும் சேரும். தொண்டையில் காரமாக இறங்குவது அவற்றால்தான். ஒருமுறை உண்டாகிவிட்டால் எத்தனை வாரம் வைத்தாலும் போகாது.

இரண்டு வழி உண்டு. ஒன்று, வாளியைக் குளிர்த்துவது. துணி துவைக்கும் பெரிய தொட்டியில் பாதி தண்ணீர் விட்டு, நடுவில் வாளியை வையுங்கள். பழைய டி-சட்டை ஒன்றை நனைத்து வாளிக்கு மாட்டி, அதன் கீழ்விளிம்பு தண்ணீரில் ஊறும்படி விட்டு, மின்விசிறியைத் திருப்பி வையுங்கள். 1.5 லிட்டர் தண்ணீர்ப் போத்தல்களை உறையவைத்து, காலையில் இரண்டு, இரவில் இரண்டு மாற்றினால் 22, 24 டிகிரியில் நிற்கும். முதல் 72 மணி நேரம் தப்பாமல் பார்த்துக்கொண்டால் போதும். வேண்டாத வாசனையெல்லாம் அப்போதுதான் பிறக்கிறது. பழைய குளிர்சாதனப் பெட்டியும் ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் வாங்க முடிந்தால் இந்த வேலையே இல்லை.

இன்னொரு வழி, நம் வெக்கைக்கு ஏற்ற ஈஸ்ட்டைத் தேடிப் போவது. எங்கள் பரிந்துரை இதுதான். குவெய்க் என்பது நார்வேயின் மேற்குப் பகுதிப் பண்ணைக் குடும்பங்கள் மர வளையங்களில் காயவைத்துத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த ஈஸ்ட். அதில் ‘வொஸ்’ என்ற வகை 35 முதல் 40 டிகிரியில்தான் உற்சாகமாக ஓடும். மெல்லிய ஆரஞ்சு மணம் தரும். மூன்று முதல் ஐந்து நாளில் முடித்துவிடும். 30 டிகிரி அறையில் இன்னும் ஓரிரு நாள் எடுக்கும், அவ்வளவுதான். குளிர் நாட்டவர் இதற்காக வாளிக்குச் சூடேற்றும் பட்டை சுற்றுகிறார்கள். நமக்கு அந்தச் செலவு இல்லை. ஆனால் இந்த ஈஸ்ட்டுக்குச் சத்து கூடுதலாக வேண்டும். சாறு கொதித்து முடிய 10 நிமிடம் இருக்கும்போது ஈஸ்ட் ஊட்டச்சத்துப் பொடி சேர்க்கத் தவறாதீர்கள். இல்லாவிட்டால் பாதியில் நின்றுவிடும்.

லாகர் செய்ய ஆசைப்படுகிறவர்கள் கொஞ்சம் பொறுத்திருங்கள். 1932இல் இங்கே தயாராகத் தொடங்கிய டைகர் உட்பட லாகர் வகையெல்லாம் குளிர்ந்த நொதித்தலில் பிறப்பவை. தொட்டியும் டி-சட்டையும் அதற்குப் போதாது.

கேள்வி: கடையில் முழு ‘செட்’ விலை மலைக்க வைக்கிறது. வீட்டுப் பாத்திரங்களையும் வன்பொருள் கடைச் சாமான்களையும் வைத்தே ஒப்பேற்ற முடியுமா? முதல் தடவைக்கான செய்முறையையும் கொடுத்தால் நன்று.
— ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: தாராளமாக முடியும். 20 லிட்டர் எவர்சில்வர் அண்டா ஒன்று. உணவுத்தரப் பிளாஸ்டிக் வாளி, மூடியோடு, 15 லிட்டர். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று அச்சிட்டிருக்கும் வகை நல்லது. மூடியில் துளையிட்டு ரப்பர் வளையம் வைத்து, உள்வாயுவை வெளியே விட்டு வெளிக்காற்றைத் தடுக்கும் ஏர்லாக்கைச் செருகுங்கள். ஏர்லாக் இல்லையென்றால் ஒரு ரப்பர்க் குழாயின் மறுமுனையைத் தண்ணீர்க் குவளைக்குள் விட்டாலும் அதே வேலைதான். வெப்பமானி, சமையலறைத் தராசு, சாற்றின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் ஆகிய மூன்றையும் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காமல் வாங்கிவிடுங்கள்.

மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஊறவைக்கும் பைக்குத் திரைச்சீலைக்கு விற்கும் மெல்லிய வெள்ளைப் பாலியஸ்டர் வாயில் துணி பொருத்தம். பருத்தித் துணி மாவில் அடைத்துக்கொண்டு வடியாது. அண்டாவின் வாய் அளவுக்குத் தைத்து, ஓரத்தில் நாடா கோத்துவிடுங்கள். அண்டாவின் அடியில் ஓர் இட்லித் தட்டைக் கவிழ்த்துப் போட்டால் துணி அடிச்சூட்டில் பட்டு உருகாது.

கொதித்த சாற்றைக் குளிர்த்தும் சுருளுக்கு ஏசி வேலைக்கு விற்கும் 3/8 அங்குல மென்செம்புக் குழாய் 10 மீட்டர் வாங்கி, ஒரு பெரிய பால்மாவு டின்னைச் சுற்றி மெல்ல வளையுங்கள். அவசரப்பட்டால் நசுங்கும், உள்ளே நுண்ணிய உப்பை நிரப்பிக்கொண்டு வளைத்தால் நசுங்காது, பிறகு கழுவிவிடலாம். இரு முனையிலும் பிளாஸ்டிக் குழாயைச் செருகிக் கவ்வி போட்டு இறுக்குங்கள். ஈயப் பற்றவைப்பு வேண்டவே வேண்டாம். பார்லிச் சாறு புளிப்புத்தன்மை உடையது, ஈயத்தைக் கரைக்கும். நாகம் பூசிய இரும்பு வாளிக்கும் அதே தடை. செம்பில் பச்சை பிடித்திருந்தால் ஒவ்வொரு முறையும் வினிகர் விட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகே உள்ளே இறக்க வேண்டும்.

செய்முறைக்கு வருவோம். பேல் ஏல் மால்ட் 2.2 கிலோ, கிரிஸ்டல் மால்ட் 200 கிராம். கடையிலேயே உடைத்துத் தரச் சொல்லுங்கள். மிக்சியில்தான் உடைக்க வேண்டும் என்றால் இரண்டு இரண்டு வினாடியாக விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒவ்வொரு மணியும் மூன்று நான்கு துண்டாக வேண்டும், உமி கூடியவரை முழுசாக இருக்க வேண்டும். ரவைப் பதம் சரி, மாவுப் பதம் ஆகாது.

15 லிட்டர் தண்ணீரை 69 டிகிரிக்குச் சூடாக்கி, பையை விரித்து, மால்ட்டைத் தூவிக் கிளறுங்கள். சூடு 66 அல்லது 67க்கு இறங்கி நிற்கும். அண்டாவைத் துண்டால் போர்த்தி ஒரு மணி நேரம் விடுங்கள். மால்ட்டின் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவது அந்த நேரத்தில்தான். 70ஐத் தாண்டினால் பீர் தித்திப்பாகவும் கனமாகவும் நிற்கும். 63க்குக் கீழே போனால் வெறிச்சென்று ஆகும். பிறகு பையைத் தூக்கி வடியவிட்டுப் பிழிந்துவிடுங்கள்.

சாறு கொதி வரும் நேரம் பக்கத்திலேயே நில்லுங்கள். நுரை பால் பொங்குவது போலத் திடீரென்று எழும்பும். கரண்டியால் கிளறி, தணலைக் குறைத்தால் அடங்கும். கொதி தொடங்கியதும் காஸ்கேட் வகை ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடிப்பூ) 15 கிராம். முடிய 10 நிமிடம் இருக்கும்போது 15 கிராம். அடுப்பை அணைத்ததும் 20 கிராம். மொத்தக் கொதி 60 நிமிடம், மூடி போடாமல். இரண்டரை மூன்று லிட்டர் ஆவியாகப் போகும்; சன்னல்களைத் திறந்து வையுங்கள். செம்புச் சுருளைக் கடைசி 15 நிமிடம் சாற்றுக்குள் இறக்கினால் அதுவும் சுத்தமாகிவிடும்.

நம் குழாய்த் தண்ணீரே 28, 29 டிகிரி என்பதால் சுருளின் வழியே அது எவ்வளவு ஓடினாலும் சாறு 32க்குக் கீழே இறங்காது. குவெய்க் போடுகிறவருக்கு அது பிரச்சினையே இல்லை. 35 ஆனதும் வாளியில் ஊற்றி, நன்றாகக் குலுக்கிக் காற்றேற்றி, உலர் ஈஸ்ட் 5 கிராம் தூவி மூடிவிடலாம். வேறு ஈஸ்ட் என்றால் ஐஸ் தொட்டியில் வைத்து 20க்கு இறக்கியே தீர வேண்டும்.

தொடக்கத்தில் ஹைட்ரோமீட்டர் 1.049 அளவில் காட்ட வேண்டும், முடியும்போது 1.012 அளவுக்கு இறங்கும். வித்தியாசத்தை 131.25ஆல் பெருக்கினால் ஆல்கஹால் விழுக்காடு. இங்கே ஏறத்தாழ 4.9. பெரும்பாலான ஹைட்ரோமீட்டர்கள் 20 டிகிரிக்குக் கணக்கிடப்பட்டவை. 30 டிகிரிச் சாற்றில் பார்த்தால் 0.002 அல்லது 0.003 கூட்டிக்கொள்ளுங்கள்.

சுத்தத்தைப் பற்றி ஒன்று. கொதிக்கும்வரை படும் பொருள்கள் பாத்திரம் கழுவும் சுத்தத்தில் இருந்தால் போதும். அடுப்பை அணைத்த பிறகு சாற்றில் படுகிற கரண்டி, குழாய், வாளி, உங்கள் விரல் எல்லாமே கிருமி நீக்கியில் நனைந்திருக்க வேண்டும். ஸ்டார் சான் என்றால் லிட்டருக்கு 1.5 மில்லி, நுரையைக் கழுவ வேண்டியதில்லை. வாளியை இரும்பு நாரால் தேய்க்காதீர்கள். கீறலுக்குள் போய் உட்காரும் பாக்டீரியாவை எந்த மருந்தும் எட்டாது.

கேள்வி: தேக்கா சந்தையில் கிடைக்கும் பார்லி அரிசியையே போட்டால் மலிவாக முடியுமே?
— புக்கிட் பாத்தோக் வாசகி

பதில்: முடியாது அம்மா. கஞ்சிக்கு வாங்கும் பார்லி முளைகட்டாதது, தோல் நீக்கித் தீட்டியது. அதில் மாவு இருக்கிறது. மாவைச் சர்க்கரையாக்கும் நொதி இல்லை. எவ்வளவு நேரம் ஊறினாலும் கஞ்சியாகவே இருக்கும். ஆனால் தேக்காவில் உங்களுக்கு வேண்டிய வேறு இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று அவல். நெல்லை வேகவைத்துத் தட்டியது என்பதால் தனியாக வேகவைக்காமல் மால்ட்டோடு அப்படியே பையில் போடலாம். பேல் மால்ட்டில் 300 கிராம் குறைத்து 300 கிராம் அவல் சேருங்கள். பீர் இலேசாகவும் துலக்கமாகவும் வரும், இந்த வெயிலுக்கு அதுவே சுகம். இன்னொன்று கொத்தமல்லி விதை. நம் நீள்வட்ட விதை 10 கிராம், ஒன்றிரண்டாகத் தட்டி, கொதி முடிய 5 நிமிடம் இருக்கும்போது ஓர் ஆரஞ்சுத் தோலோடு போடுங்கள். பெல்ஜியத்துக் கோதுமை பீரில் காலங்காலமாகச் சேர்க்கும் ஜோடி அது. தோலின் உள்பக்க வெள்ளையைச் சீவிவிடுங்கள், கசக்கும்.

கேள்வி: எல்லாம் சரியாகச் செய்தும் பீரில் ஆஸ்பத்திரி வாசனை, கட்டுப்போடும் பிளாஸ்திரி போல. கிருமியா?
— தோ பாயோ வாசகர்

பதில்: பெரும்பாலும் தண்ணீர். நம் குழாய்த் தண்ணீரைக் கிருமி அண்டாமல் வைத்திருப்பது குளோரமின். குளோரினைப் போலக் கொதித்தவுடன் அது ஓடிவிடாது. மால்ட்டிலும் ஹாப்ஸிலும் உள்ள ஃபீனால்களோடு சேர்ந்து குளோரோஃபீனால் ஆகும். துளி இருந்தாலும் மூக்கில் அடிக்கும். கேம்ப்டன் என்ற சல்ஃபைட் மாத்திரை ஒன்றில் கால் பங்கைப் பொடித்து 15 லிட்டரில் கலக்கிச் சில நிமிடம் விட்டால் குளோரமின் போய்விடும். துலக்க பிளீச் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதையும் நிறுத்துங்கள். அதே வாசனையை அதுவும் தரும்.

கேள்வி: தாழ்வாரத்தில் தொட்டியில் ஹாப்ஸ் கொடி வைத்தேன். இடுப்பு உயரம் வந்ததும் நாலைந்து பூ விட்டு நின்றுவிட்டது. உரம் போதவில்லையா?
— பொங்கோல் வாசகி

பதில்: உரமல்ல, பகல் போதவில்லை. ஜெர்மனியின் ஹாலர்டாவிலும் அமெரிக்காவின் யாகிமாவிலும் ஹாப்ஸ் கொடி கோடையில் 15, 16 மணி நேரப் பகலில் 5 முதல் 7 மீட்டர் ஏறுகிறது. கோடை உச்சம் தாண்டிப் பகல் சுருங்கத் தொடங்கியதும் பூக்கிறது. நம் ஊர் பூமத்திய ரேகையை ஒட்டியது. ஆண்டு முழுக்கப் பகல் 12 மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். கொடி கண் விழித்த நாளிலிருந்தே கோடை முடிந்துவிட்டதாக எண்ணிக்கொண்டு, வளர்வதை விட்டுப் பூப்பதில் இறங்கிவிடுகிறது.

விளக்குப் போட்டுப் பகலை நீட்டுவதே வழி. மாலை 6.30 முதல் நள்ளிரவு 12 வரை எல்இடி வளர்ப்பு விளக்கு எரிந்தால் 17 மணி நேரப் பகல் ஆகும். கொடி 3 மீட்டர் ஏறி 20 கணுவுக்கு மேல் விடும்வரை ஒரு நாள் தவறாமல் எரியட்டும்; டைமர் மாட்டிவிடுங்கள். பிறகு விளக்கை நிறுத்திவிட்டால் சில வாரங்களில் பூ வரும். விளக்கு எதிர்வீட்டார் படுக்கையறையில் விழாதபடி தகரத்தால் மறைப்புக் கட்டுவது உங்கள் பொறுப்பு. முடிந்தால் தாழ்வாரத்தை விட்டு பால்கனிக்கோ சன்னலோரத்துக்கோ மாற்றுங்கள். தாழ்வாரத்தில்தான் என்றால் நடைபாதை 1.2 மீட்டர் தடையின்றி இருக்க வேண்டும்; தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு வரும், அபராதமும் வரும்.

தொட்டி 40 லிட்டருக்குக் குறையக் கூடாது. ஏறுவதற்கு முரட்டுச் சணல் கயிறு, நைலான் வழுக்கும். வெக்கையில் சிலந்திப் பூச்சி இலையின் அடியில் மொய்க்கும். வாரம் இரண்டு தடவை இலையின் கீழ்ப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் கட்டுப்படும். பெண் கொடிதான் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வேர்த்துண்டு வரவழைத்தால் தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் கட்டாயம்.

கூம்பு வடிவப் பூவைப் பறிக்கும் பதம் கைக்குத் தெரியும். பிஞ்சுக் கூம்பு ஈரமாக, அழுத்தினால் அழுந்தியபடியே கிடக்கும். முற்றியது காகிதம் போலச் சரசரக்கும், விட்டவுடன் மீளும். ஒன்றை நீளவாக்கில் பிளந்து பாருங்கள்: இதழ்களின் அடியில் மஞ்சள் தூள் கெட்டியாக ஒட்டியிருக்க வேண்டும், விரலில் தேய்த்தால் பிசுபிசுவென்று பிசின் போல மணக்க வேண்டும். கசப்பும் மணமும் அந்தத் தூளில்தான் இருக்கின்றன.

நம் காற்றின் ஈரத்தில் நிழலில் உலர்த்தினால் பூஞ்சை பிடிக்கும். உணவு உலர்த்தியில் 50 டிகிரியில் வைத்து, கூம்பின் நடுக்காம்பு வளையாமல் முறியும்வரை காயவிடுங்கள். 100 கிராம் பச்சைக் கூம்பு 20, 25 கிராமாகும். காற்றை உறிஞ்சிக் கட்டி உறைபெட்டியில் வையுங்கள். கசப்பு எத்தனை விழுக்காடு என்று வீட்டில் அளக்க வழியில்லை. ஆகவே 60 நிமிடக் கொதிக்குக் கடை ஹாப்ஸையே போட்டு, வீட்டுக் கூம்பைக் கடைசியில் மணத்துக்கு மட்டும் சேருங்கள். ஒரு தொட்டியின் விளைச்சல் ஒரு தடவைக்கு வந்தாலே நல்ல கொடி. அந்த ஒரு தடவையின் மணத்துக்காக இத்தனை பாடுபடலாம் என்பது எங்கள் எண்ணம்.

கேள்வி: என் கணவரும் அவர் நண்பர்களும் பாம் ஷெல்ட்டரில் போத்தல்களை அடுக்கியிருக்கிறார்கள். போன வாரம் நடு இரவில் இரண்டு வெடித்தன. பிள்ளைகள் இருக்கும் வீடு. பயமாக இருக்கிறது.
— செங்காங் வாசகி

பதில்: பயப்பட வேண்டிய விஷயம்தான். முதலில் மிச்சப் போத்தல்களைக் கவனியுங்கள். தடித்த துண்டைச் சுற்றி, பாதுகாப்பு மூக்குக்கண்ணாடியும் கையுறையும் அணிந்து, ஒவ்வொன்றாகக் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒரு நாள் முழுக்கக் குளிர்ந்த பிறகு, துண்டோடு சேர்த்தே மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி வாயுவை வெளியேற்றலாம். பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது.

காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். நொதித்தல் முடிவதற்குள் போத்தலில் அடைத்திருப்பார்கள். அல்லது சர்க்கரையைக் கண்ணளவில் போட்டிருப்பார்கள். குமிழி நின்றுவிட்டது என்பது முடிந்ததற்கு அடையாளம் அல்ல. ஹைட்ரோமீட்டர் அடுத்தடுத்து மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். 1.012இல் முடிய வேண்டியதை 1.016இல் அடைத்தால், மிஞ்சிய அந்த 0.004 அளவுச் சர்க்கரையே வாயுவுக்காகச் சேர்க்கும் சர்க்கரையைவிடக் கூடுதல். இரண்டும் சேர்ந்தால் கண்ணாடி தாங்காது.

சரியான அளவு 10 லிட்டருக்கு வெள்ளைச் சர்க்கரை 65 கிராம். ஒரு குவளைத் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவைத்து, காலி வாளியின் அடியில் ஊற்றி, அதன்மேல் பீரைக் குழாய் வழியாகச் சத்தமில்லாமல் இறக்கினால் தானே சீராகக் கலந்துவிடும். போத்தலுக்குப் போத்தல் கரண்டியால் போடுவதில்தான் ஒன்று சப்பென்றும் ஒன்று வெடியாகவும் ஆகிறது. பீர் வந்த தடித்த பழுப்புப் போத்தல்களே வேண்டும். திருகு மூடிச் சாற்றுப் போத்தல் அழுத்தம் தாங்காது. ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு சிறு சோடாப் பிளாஸ்டிக் போத்தலில் அதே பீரை நிரப்பி வையுங்கள். அழுத்திப் பார்த்துக் கல்லாக இறுகிவிட்டால் எல்லாம் தயார். இந்தச் சூட்டில் 7 முதல் 10 நாள் போதும். உடனே அனைத்தையும் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றிவிட வேண்டும், அங்கே ஈஸ்ட் உறங்கிவிடும்.

பாம் ஷெல்ட்டர் இருட்டாக இருப்பது பீருக்கு நல்லது. வெயில் பட்டால் ஹாப்ஸ் கெட்டு நாறும். ஆனால் 10 லிட்டர் நொதிக்கும்போது 200 லிட்டருக்கு மேல் கரியமில வாயு வெளிவரும். அந்தச் சின்ன அறையின் கதவைச் சாத்திவைக்க வேண்டாம்.

கேள்வி: பிழிந்த சக்கையை என்ன செய்வது?
— பிடோக் வாசகர்

பதில்: அன்றே கையாளுங்கள், ஓர் இரவு வைத்தால் புளித்து எறும்பும் ஈயும் வரும். இரண்டு கைப்பிடி அடை மாவில் கலந்தால் மொறுமொறுப்பாக வரும், உமி கொஞ்சம் தட்டுப்படும். மீதியை இறுகக் கட்டித்தான் குப்பைத் தொட்டியில் போட வேண்டும். ஹாப்ஸ் சக்கையைத் தனியாகக் கட்டுங்கள். நாய்க்கு அது நஞ்சு; தின்றால் உடல் சூடு கட்டுக்கடங்காமல் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். நாய் வளர்க்கும் வீட்டில் காய்ந்த கூம்பையும் அதன் வாய்க்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.